நங்கையாவின் வெள்ளைப் போர்வை

எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்த வெள்ளைத் துணி விரிந்து கிடந்த நான்கு மாதமும் நாங்கள் சுவரோரமாகவே நடந்தோம். சமையலறைக்குப் போக வேண்டுமென்றால் சோபாவுக்குப் பின்னால் ஒருக்களித்து, டிவி மேசையைத் தாண்டி, பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு போக வேண்டும். என் கணவர் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார் என்ற சொல்லைக்கூட அந்தத் துணிக்குப் பக்கத்தில் சொல்ல எனக்குப் பயம். காலையில் கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் வந்து விழும்போது தரை முழுக்கப் பால் கொட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கும். அதன் நடுவே ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, என் கணவரின் அக்கா உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். எங்கே துணி முடிகிறது, எங்கே அவருடைய சேலை தொடங்குகிறது என்று தூக்கக் கலக்கத்தில் எனக்குச் சில நாள் பிடிபடாது. காபி டம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்று கூப்பிடுவோம். எங்கள் பக்கம் என்றால் கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர். ஊர் கர்நாடகத்தில் இருந்தாலும் எங்கள் வீடுகளில் தமிழ்தான். நங்கையாவுக்கு இருபத்தெட்டு வயதில் கணவர் தவறிப்போனார். பிள்ளை இல்லை. யார் வீட்டுக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்று மைசூருக்கு பஸ் ஏறியவர், ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். அங்கே ஒரு சட்டையை முப்பது பேர் தைப்பார்கள். ஒருத்தி கை, ஒருத்தி பை, ஒருத்தி பட்டன் துளை. நங்கையாவுக்குக் கிடைத்தது காலர். காலரைத் தைத்துப் பக்கத்து மிஷினுக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் காலர் தைத்தார். ஒரு நாளாவது ஒரு சட்டையை முதலிலிருந்து கடைசிவரை தைத்ததில்லை. பஸ்ஸில் முன்சீட்டில் யாராவது புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தால் அவருடைய கண் நேராகக் கழுத்துக்குப் போகும். "காலரு என்னுதா இருக்கும். மத்ததெல்லாம் ஆரோடதோ" என்பார்.

வேலையை விட்ட பிறகு மைசூரிலேயே விஜயநகரில் எங்கள் வீட்டோடு வந்து தங்கினார். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. நான் அலுவலகத்துக்குப் போகிறவள். என் சமையலறையில் கரண்டி எங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சட்டம் உண்டு. அவருக்கும் ஒரு சட்டம் இருந்தது. நான் மடித்து வைத்த துணியை அவர் பிரித்து மறுபடி மடிப்பார். அவர் மடித்ததை நான் பிரித்து மடிப்பேன். வாய் திறந்து சண்டை போட்டதே இல்லை. பாத்திரங்கள்தான் எங்களுக்காகச் சத்தம் போட்டன. அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தால் மட்டும் கன்னடத்துக்கு மாறிவிடுவார். தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் பேசிப் பழகிய கன்னடம் அது. "பேடா" என்று ஒரே சொல், வேண்டாம் என்று. அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

அடுத்த தெருவில் ஒரு அம்மா இருந்தார். அவருடைய வீட்டுத் திரைச்சீலைகளைச் சரிபண்ண நங்கையா போய்விட்டு வந்த அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. "சுவத்துல போர்வைய மாட்டி வெச்சிருக்கறாங்க அம்மிணி" என்றார் நங்கையா, செருப்பைக்கூடக் கழற்றாமல். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "பாவம், சுவருக்குக் குளிருதாக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு மலையும் ஏரியும் செய்திருந்தார்களாம். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்து ஊடே ஊடே தையல். குவில்ட் என்று பெயராம். படுக்க இல்லை, பார்க்க. அந்த அம்மாவின் வீட்டில் புதன்கிழமைதோறும் நாலைந்து பெண்கள் கூடி இதைத்தான் செய்கிறார்களாம். அடுத்த புதன்கிழமை நங்கையா தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் அப்படிக் கிளம்பி நான் பார்த்ததே இல்லை.

முதலில் சின்னச் சின்னதாய் இரண்டு மூன்று செய்தார். பூ, கிளி, வாழைமரம். எல்லாம் நன்றாகவே இருந்தன. அவருக்குத்தான் திருப்தி இல்லை. பிறகு ஒரு நாள் பெட்டிக்கடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார். தொழிற்சாலையில் தூக்கிப் போடுகிற வெட்டுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார். எல்லாம் வெள்ளை. நான் ஒரே வெள்ளை என்று நினைத்தேன். தரையில் பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டினார். இது வடித்த சோற்று வெள்ளை, இது தேங்காய்ப் பத்தை வெள்ளை, இது பூண்டுத் தோல், இது சுண்ணாம்பு, இது கொக்கு. துவைத்துத் துவைத்து நைந்துபோன வெள்ளை ஒன்று, கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கிற வெள்ளை ஒன்று. பார்க்கப் பார்க்க என் கண்ணுக்கும் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு வானத்தைப் பார்த்தாலும் இது எந்த வெள்ளை என்று என் மனம் கேட்டது. பைத்தியம் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது.

அவர் செய்ய நினைத்தது பனியை. கணவர் போன பிறகு மைசூருக்கு அவர் ஏறி வந்த முதல் பஸ், தை மாதத்து விடியல். ஹனூரில் ஏறியதிலிருந்து நரசீபுரத்தில் காவேரிப் பாலம் தாண்டும் வரைக்கும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லையாம். மரம் இல்லை, ரோடு இல்லை, ஆறும் இல்லை. "ஒரே வெள்ள அம்மிணி. எல்லாருமே பயந்துட்டு இருந்தாங்க, டிரைவரு எங்கியாச்சும் உட்டுப்போடுவானோன்னு. எனக்கு மட்டும் அது புடிச்சிருந்துது. ஊரும் தெரியல, போற எடமும் தெரியல. அப்படியே போயிட்டே இருந்தாத் தேவலன்னு இருந்துது." இதைச் சொல்லும்போது ஊசியை நிறுத்திவிட்டார். தாலி இறங்கி ஒரு மாதம் ஆன பெண் அந்த வெள்ளைக்குள் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லக்கூடிய விஷயமா அது? என்னிடம் சொன்னார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரிப்பதை நிறுத்தவில்லை, கேட்காத மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறடி உயரம், நாலடி அகலம். கீழே அடர்ந்த வெள்ளைகள், மேலே போகப் போக மெலிந்த வெள்ளைகள். அவற்றின்மீது, பனி அசைகிற மாதிரி வளைந்து வளைந்து கைத்தையல். கிட்டே நின்றால் வெறும் தையல். நாலடி தள்ளி நின்று கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் ஒரு பாலத்தின் கைப்பிடி தெரிகிற மாதிரி இருக்கும். சாயங்கால வெளிச்சத்தில் அது நகர்வதை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கணவரும் பார்த்திருக்கிறார், அவர் எதையும் அவ்வளவு சீக்கிரம் பார்க்கிறவர் இல்லை. விடுமுறை நாள் மத்தியானங்களில் அதற்குப் பக்கத்திலேயே தலையணை போட்டுப் படுப்பேன். ஊசி துணிக்குள் போய் வருகிற "சர்க் சர்க்" சத்தத்தில் தூங்கிப்போவேன். கனவில் பஸ் போய்க்கொண்டே இருக்கும்.

ஆனால் ஒரு கை உதவிக்கு மட்டும் அவர் விடவில்லை. கண் மங்கி, ஊசியில் நூல் கோக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆகும். எச்சில் தொட்டு, முறுக்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மறுபடி எச்சில் தொட்டு. பார்க்கிறவளுக்குப் பொறுக்குமா? "குடுங்க நங்கையா, நான் கோத்துத் தரேன்" என்று கை நீட்டினேன். "பேடா." மூன்று அடுக்கும் நகராமல் இருக்க முதலில் நீள நீளமாக ஓட்டுத் தையல் போட வேண்டும். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டால் பத்து நிமிஷ வேலை. "பேடா." அம்மிக்கல்லை ஒரு முனையில் தூக்கி வைத்துக்கொண்டு தனியாக இழுத்துத் தைத்தார். எனக்கு முகம் சுருங்கிப்போனதைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் தமிழில் சொன்னார்: "கோவிச்சுக்காத அம்மிணி. இருவத்தஞ்சு வருசம் காலரே தெச்சேன். இது ஒண்ணாவது மொதல்ல இருந்து கடேசி வரைக்கும் என்ற கைல ஆகோணும். ஒரு நூலுகூட அடுத்தவங்களோடது இருக்கக் கூடாது. அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்று அவர் சொன்னது எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் செய்தேன் பாருங்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

புதன்கிழமைப் பெண்கள் எடுத்து அனுப்பிய போட்டோவைப் பார்த்து ஒரு கண்காட்சிக்கு அந்தக் குவில்ட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நகரத்திலேயே ஒரு பெரிய மண்டபத்தில், பல ஊர்களிலிருந்து வருகிறவர்களோடு. நிபந்தனைகள் ஆங்கிலத்தில் மூன்று பக்கம். அவற்றைப் படித்துச் சொல்வது மட்டும் என் வேலை. நாலு மூலையும் நேராக வெட்டியிருக்க வேண்டும். பின்புறம் மேல் ஓரத்தில், பாவாடைக்கு நாடா கோக்க மடித்துத் தைப்போமே அதுபோல, கம்பி நுழைய ஒரு மடிப்பு வேண்டும். பின்பக்கம் செய்தவர் பெயரைத் துணியில் தைத்திருக்க வேண்டும். கறை, முடி, வாசனை எதுவும் கூடாது. கடைசியாகப் படிவத்தில் ஒரு கட்டம்: இதில் வேறு யாருடைய கையாவது பட்டிருந்தால் அவர் யார், என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அதைப் படித்ததும் நங்கையாவுக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. "ஆரும் இல்லன்னு எழுது. நல்லாப் பெருசா எழுது" என்றார். பெரிய எழுத்தில் எழுதினேன். எழுத்துக்கடியில் ஒரு கோடும் போட்டேன்.

ஒரு வாரம் வீட்டில் கல்யாணக் களை. ஓரப்பட்டியை இரண்டு தரம் பிரித்துத் தைத்தார். பெயரைத் தமிழில்தான் தைத்தார், காலருக்குப் போடுகிற அதே பொடித் தையலில். ஒட்டுகிற டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டு துணியின் மேல் அங்குலம் அங்குலமாக ஒற்றி, உதிர்ந்த முடிகளை எடுத்தார். அதில் பாதி என் முடி என்று குற்றம் வேறு. தண்ணீர் தெளித்து, இழுத்து நேராக்கி, நாலு பக்கமும் குண்டூசி குத்திக் காயவைத்தார். மடித்தால் மடிப்பு விழுந்துவிடும் என்பதால் ஒரு பிளாஸ்டிக் குழாயில் பழைய வேட்டியைச் சுற்றி, அதன்மேல் குவில்ட்டைச் சுருட்டிப் பெஞ்சில் கிடத்தினார். ஒப்படைக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி. மாலை நாலு மணிக்குள் மண்டபத்தில் கொடுத்தாக வேண்டும்.

அன்று அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, மஞ்சள் குழைத்து நிலைப்படிக்கு வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். நங்கையா குளிக்கப் போயிருந்தார். பெஞ்சில் குழந்தை மாதிரி அது கிடந்தது. எங்கள் வீட்டில் புதுத்துணி எதுவானாலும், கைக்குட்டையானாலும் சரி, மூலையில் ஒரு மஞ்சள் தொட்டு வைக்காமல் வெளியே போகாது. என் கல்யாணச் சேலைக்கு வைத்தார்கள், என் மகனின் முதல் பள்ளிக்கூடச் சட்டைக்கு நான் வைத்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பெண் செய்தது வெறும் மூலையோடு ஊரார் கண்ணுக்கு முன்னால் போய் நிற்பதா? மனசு கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பின்பக்கத்தில் ஒரு துளி வைத்தால் யாருக்கு என்ன என்று நினைத்தேன். பாயோ ஜமுக்காளமோ, நல்ல பக்கம் உள்ளே போகத்தானே சுருட்டுவோம்? அப்படியானால் வெளியே தெரிவது பின்பக்கம். வெளியே தெரிந்த மூலையில் மோதிர விரலால் ஒரு பொட்டு வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது பொட்டுக்குப் பக்கத்தில் வளைவு வளைவான தையலும் ஒட்டுகளும் தெரிந்தன. நல்ல பக்கத்தை உள்ளே வைத்துச் சுருட்டினால் பஞ்சு அமுங்கி அதில் சுருக்கம் விழும் என்று அவர் நல்ல பக்கத்தை வெளியே வைத்துச் சுருட்டியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. ஐயோ என்று ஓடிப்போய்ச் சோப்பைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்து தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்று அடுப்படியில் முப்பது வருடம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் எது ஞாபகத்துக்கு வந்தது? மிளகளவு மஞ்சள், ஒரு ரூபாய்க் காசளவு சிவப்பாய்ப் பரவியது. பனிக்குள் யாரோ அடிபட்டுக் கிடக்கிற மாதிரி இருந்தது. சோப்பும் கையுமாக நான் நிற்க, தலையில் துண்டோடு நங்கையா வந்தார்.

கன்னடத்தில் ஒரு கத்து கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் கத்தவில்லை. குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துத் தமிழில் கேட்டார்: "அப்ப இதுவும் எனக்கு முழுசா இல்லீயா அம்மிணி?"

அழுதேன், வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன். அவர் சமையலறைக்குப் போய் எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டு வந்தார். இரண்டு சொட்டு விட்டதும் சிவப்பு அடங்கி மஞ்சளானது. சுத்தத் தண்ணீரால் ஒற்றி எடுத்தார். மஞ்சள் கறை வெயிலுக்குத்தான் போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் ஆடி மாதத்து மைசூரில் வெயிலுக்கு எங்கே போவது? மொட்டை மாடியில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் குவில்ட்டை விரித்தோம். நான் ஒரு முனையைப் பிடித்தேன். அவர் தடுக்கவில்லை, கவனித்ததாகவும் தெரியவில்லை. தூரத்தில் சாமுண்டி மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. வெயில் வந்தது, போனது. ஒரு மேகம் கடக்கும்போது குவில்ட்டின் பனி கலங்கிக் கறுத்தது, மறுபடி வெளுத்தது. துணி எது, மேகத்தின் நிழல் எது என்று தெரியாமல் அந்தப் பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். சோறு ஆக்கவில்லை. தூறல் வந்துவிடக் கூடாது என்று ஆடி வெள்ளியும் அதுவுமாக நான் அம்மனிடம் மழையை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

இரண்டரை மணிக்கு அந்த மஞ்சள், பூசணிப் பூ நிறம் போய், பழைய காகித நிறத்துக்கு வந்திருந்தது. தெரிந்தவர்கள் தேடினால் தெரியும். இல்லாவிட்டால் அதுவும் ஒரு வெள்ளைதான். எனக்கு உயிர் வந்தது. "இனி ஆருக்கும் தெரியாதுங்க நங்கையா" என்றேன்.

"எனக்குத் தெரியுமில்ல?" என்றார். சுருட்டி முடித்ததும் படிவத்தை எடுத்துவரச் சொன்னார். "ஆரும் இல்லன்னு எழுதுனதை அடிச்சுப்போடு. உள்ளத எழுது."

"என்னன்னுங்க எழுதறது?"

"கீழ் மூலைல மஞ்சப் பொட்டு, என்ற தம்பி பொண்டாட்டி வெச்சது. அப்படியே எழுது. பொய் சொல்லி மாட்டி வெக்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. ஊரறிய என் தப்பை எழுதி ஒட்டுவதா? இந்த வயதில் எனக்கு இது தேவையா? ஆனாலும் பெரிய எழுத்தில் எழுதிய "யாரும் இல்லை" என்பதை என் கையாலேயே அடித்து, ஆங்கிலத்தில் அவர் சொன்னதை எழுதினேன். ஆட்டோவில் போகும்போது குழாயைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டு அவர் வெளியே பார்த்தபடி வந்தார். மண்டபத்துப் பெண் படிவத்தைப் படித்தாள், மூலையைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

கண்காட்சியில் அது தனிச் சுவரில் தொங்கியது. பக்கத்தில் ஒரு அட்டை. அதில் நங்கையாவின் பெயர், பஸ், பனி, அதற்கடியில் கடைசி வரியாய் என் பொட்டு. படித்த ஒவ்வொருத்தரும் கீழே குனிந்து மூலையைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டினார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கன்னடக்கார அம்மாள் நங்கையாவிடம், தம்பி மனைவி எங்கே என்று கேட்டார். நங்கையா தூணுக்குப் பின்னாலிருந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தி, "இவளேதான்" என்றார். பெருமையாகச் சொன்னாரா, காட்டிக்கொடுத்தாரா? அவருடைய முகத்தில் தேடினேன், ஒன்றும் பிடிபடவில்லை. பிற்பாடு கேட்டிருக்கலாம். ஒரே வீட்டில் அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தோம், துணிகளை மாற்றி மாற்றி மடித்தோம், இதை மட்டும் நான் கேட்கவே இல்லை.

குவில்ட் திரும்பி வந்து எங்கள் கூடத்துச் சுவரில் ஏறியது. நங்கையா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவர் இருந்தவரை, வாரம் ஒருமுறை தூசி தட்டும்போது அந்த மூலையில் அவருடைய கை ஒரு நிமிஷம் நிற்கும். நான் பார்க்காத மாதிரி இருந்துகொள்வேன். போன வாரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று கழற்றினோம். கழற்றியதைக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டுப் பொட்டைத் தேடினேன். கீழ் மூலையில் இல்லை. இந்தப் பக்கமோ என்று இன்னொரு மூலையைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, நாலு மூலையையும் பார்த்தேன். கிழக்கு ஜன்னல் வெயில் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக அதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. வெறும் வெள்ளை. சோற்று வெள்ளை, பூண்டுத் தோல் வெள்ளை, கொக்கு வெள்ளை. சமையலறையில் மஞ்சள் டப்பா இருந்தது, ஆள் யாரும் வீட்டில் இல்லை, விரல் துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "முழுசும் உங்களோடதுதானுங்க நங்கையா" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்ததும் எனக்கு அழுகை வந்த வேகத்தில், துணியில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதே என்று எழுந்து கூடத்துக்கு ஓடினேன்.